அறிமுகக் கையெழுத்து

ஜூன் 2, திங்கள்

பத்தொன்பது வருடம் பழுதுப் பதிவேடு எழுதிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. எந்த மெஷின் நின்றது, எத்தனை மணிக்கு நின்றது, காரணம் என்ன, சரிசெய்தது யார். இப்போது அந்தப் பதிவேட்டை வேறொருவன் எழுதுகிறான், அதுவும் கோழி கிண்டிய எழுத்தில். ஆகையால் புது வருடத்துக்குக் கம்பெனி கொடுத்த டைரியை எடுத்துக்கொண்டு கம்ப்ரசர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கேன்டீனில் இடமில்லை. இங்கே காதைப் பிளக்கும் சத்தம். ஆனால் யாரும் வந்து துக்கம் விசாரிக்க மாட்டார்கள்.

நின்ற மெஷின்: தாமோதரன், வயது நாற்பத்தெட்டு, மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். நின்ற நாள்: மார்ச் 31. காரணம்: பராமரிப்பு வேலையை இனி வெளியாட்களுக்கு விடுவது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. அதே மோட்டார் கம்பெனி, அதே மெஷின்கள், அதே நான். ஆனால் ஏப்ரல் முதல் நான் வெளியாள். மாதாமாதம் பில் போட்டுப் பணம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அக்கவுண்ட்ஸ் மேனேஜர் வித்யாசாகர் இன்று கூப்பிட்டுவிட்டார். "உங்க ரெண்டு மாச பில்லும் அப்படியே நிக்குது சார். தனி ஆள் பேருக்கு நாங்க பணம் போட முடியாது. ஒரு ஃபர்ம் பேரு, அந்தப் பேர்ல ஒரு கரண்ட் அக்கவுண்ட், ஒரு கேன்சல்டு செக். இந்த மாசம் முப்பதுக்குள்ள குடுத்துருங்க. இல்லீன்னா ஒண்ணாந்தேதியில இருந்து வேலை சென்னை ஏஜென்சிக்குப் போயிரும். எம்.டி. கண்டிப்பா சொல்லிட்டாரு."

மார்ச் வரை என்னைத் 'தாமு' என்று கூப்பிட்டவர். இப்போது சார். மரியாதை கூடினால் வேலை போய்விட்டது என்று அர்த்தம் போலிருக்கிறது.

வீட்டில் சொல்லவில்லை. சொல்ல நேரம் வாய்க்கவில்லை. என் மனைவி கலாமணிக்கு நான் இன்னும் கம்பெனி ஆள்தான். மாதக் கடைசியில் செட்டில்மென்ட் பணத்திலிருந்து சம்பளம் போல அவள் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன். இதில் பொய் என்று எதுவும் இல்லை. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

கணபதி பஸ் ஸ்டாப் அருகே பிரவுசிங் சென்டர். சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் இருந்தால்தான் எந்த பேங்கும் பேசும் என்றார்கள். "ஃபர்ம் பேர் என்னங்க போடட்டும்?" என்று அந்தப் பெண் கேட்டாள். இருபது நிமிடம் யோசித்தேன். பெற்ற மகளுக்குப் பெயர் வைக்கக்கூட இவ்வளவு நேரம் ஆகவில்லை. கடைசியில் 'தாமோதரன் மெயின்டனன்ஸ் சர்வீசஸ்'. பத்து நிமிடத்தில் சான்றிதழ் வந்தது, ஆயிரத்தைந்நூறு வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்து ஃபோனில் பார்த்தால் அந்தப் பதிவுக்கு அரசாங்கத்தில் கட்டணமே கிடையாதாம். திரும்பிப் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது. வந்துவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

இன்று இரண்டு பேங்க்.

முதலாவது தனியார் பேங்க். குளுகுளு அறை, காபி, சிரித்த முகம். "மாசம் டர்ன்ஓவர் எவ்வளவு வரும் சார்?" என்றாள் அந்தப் பெண். சொன்னேன். சிரிப்பு பாதியானது. கணக்கில் எப்போதும் இருபத்தைந்தாயிரம் கிடக்க வேண்டும். குறைந்தால் அபராதம். செக் புத்தகத்துக்குக் காசு, எஸ்.எம்.எஸ்ஸுக்குக் காசு, நம் பணத்தை நாமே கொண்டுபோய்ப் போட்டாலும் ஓர் அளவுக்கு மேல் அதற்கும் காசு. சேமிப்புக் கணக்கில் பத்தொன்பது வருடம் இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது. சம்பளக்காரனுக்கு ராஜ மரியாதை. அந்த மரியாதை எனக்கு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இரண்டாவது அரசாங்க பேங்க். மேனேஜர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கடை எங்கீங்க இருக்குது?"

"கடை இல்லீங்க. மெஷின் இருக்கற எடத்துக்கு நானே போய் வேலை செய்யறவன்."

"அப்பொ வீடுதான் உங்களுக்கு ஆபீஸ். வீட்டு கேட்டுல ஃபர்ம் பேர் போட்டு ஒரு போர்டு மாட்டுங்க. அதுக்குப் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. பொறகு பேசலாம்."

கேட்டில் போர்டு. சின்னவேடம்பட்டியில் எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு. கலாமணி காலையில் கோலம் போட வெளியே வரும்போது தலைக்கு மேல் 'தாமோதரன் மெயின்டனன்ஸ் சர்வீசஸ்'. "யோசிச்சுட்டு வர்றேனுங்க" என்று எழுந்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

கேஸ் புக் செய்தேன். வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்குப் புது கெப்பாசிட்டர் மாற்றினேன். வேறொன்றும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

காலையில் கம்பெனி நீலச் சட்டை போட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். காண்ட்ராக்ட் ஆட்கள் அதைப் போடக்கூடாது. அதனால் வண்டி ஸ்டாண்டில் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுச் சாதாச் சட்டை மாட்டிக்கொள்வேன். சாயங்காலம் மறுபடி நீலம்.

இன்று துணி மடிக்கும்போது கலாமணி கேட்டாள். "ஏனுங்க, இப்பெல்லாம் உங்க சட்டையில கிரீஸே படறதில்லியே? சோப்புக் கட்டி அப்படியே கெடக்குது."

"ஏ.சி. ரூம்ல உக்கார வெச்சுட்டாங்க. ப்ளானிங் வேலை."

"பிரமோசனுங்களா?"

"அப்படித்தான்."

அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்திருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பக்கத்து வீடு வரை செய்தி போய்விட்டது. இதுநாள் வரை சொல்லாமல்தான் இருந்தேன். இன்று பொய்யும் சொல்லியாயிற்று. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

குறைந்த செலவில் கரண்ட் அக்கவுண்ட் எங்கே கிடைக்கும் என்று தெரிந்த ஆள் எனக்கு ஒருவன்தான் உண்டு. திருமூர்த்தி, கலாமணியின் தம்பி. சூலூரில் வீடு. பெயின்டிங் காண்ட்ராக்டர். பதினைந்து வருடமாகச் சொந்தத் தொழில். ஐந்து வருடமாக எனக்கும் அவனுக்கும் நல்லது கெட்டதில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. எப்போதோ விளையாட்டாக நான் ஒரு வார்த்தை சொன்னதை மனதில் வைத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

சிங்காநல்லூரில் அவன் வேலை நடக்கும் கட்டடத்துக்கே போனேன். சாரத்திலிருந்து இறங்கி வந்தான். முகமெல்லாம் பட்டித் தூசு.

"வாங் மச்சான். அக்கா நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்கா மாப்ள. ஒரு சின்ன விஷயம். என்ற கூட வேலை செய்யற ஃப்ரெண்ட் ஒருத்தன். அவனைக் கம்பெனியில காண்ட்ராக்டுக்கு மாத்திட்டாங்க. பாவம், கரண்ட் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணோணுமாம். செலவு கம்மியா எங்க பண்ணலாம்னு கேட்டான்."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான். "எத்தனை வருசம் சர்வீசுங்க அவருக்கு?"

"பதினெட்டு, பத்தொம்பது இருக்கும்."

"புள்ளைங்க இருக்குதுங்களா?"

"ஒரு பொண்ணு. காலேஜ் சேரப் போகுது."

"செரிங்," என்றான். பிறகு ஒரு சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்து பொறுமையாக எல்லாம் சொன்னான். பெரிய தனியார் பேங்க் பக்கம் ஆரம்பத்தில் போகவே கூடாது. ஃபோனிலேயே திறக்கும் ஜீரோ பேலன்ஸ் கணக்கு சில பேங்கில் உண்டு, முதலில் அதைப் பார்க்கலாம். அது அமையாவிட்டால் அவன் கணக்கு வைத்திருக்கும் கூட்டுறவு பேங்க். அங்கே ஆயிரம் ரூபாய் கிடந்தால் போதும், செக் புத்தகம் இலவசம். "ஆனா அங்க ஏற்கெனவே கரண்ட் அக்கவுண்ட் இருக்கற ஆளு ஒருத்தரு அறிமுகக் கையெழுத்துப் போடோணுமுங்."

டீ வாங்கிக் கொடுத்தான். கிளம்பும்போது, "உங்க ஃப்ரெண்டை வெசனப்பட வேண்டாம்னு சொல்லுங் மச்சான். மொத ஆறு மாசந்தான் ஒரு மாதிரி இருக்கும்," என்றான்.

நல்ல வேளை, அவனுக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

கம்ப்ரசர் அறையிலிருந்து வீடியோ கால். ஜீரோ பேலன்ஸ் கணக்கு. "பின்னால என்ன சார் சத்தம், மழையா?" என்றாள் அந்தப் பக்கத்துப் பெண். ஆதாரைக் காட்டினேன், பான் கார்டைக் காட்டினேன், வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் காட்டினேன். தொழில் முகவரி என்ற இடத்தில் வீட்டு முகவரி.

"எங்க ஆள் ஒருத்தர் நேர்ல வந்து பார்ப்பார் சார். அது ஒண்ணுதான் பாக்கி. வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு கால் பண்ணிடுவார்."

கால் வந்ததும் அரை நாள் லீவு போட்டு ஓடிவிடலாம். லீவா? எனக்கு ஏது லீவு? சொல்லிவிட்டுப் போனால் ஆயிற்று. பழக்க தோஷம்.

ஜூன் 14, சனி

கால் வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கலாமணி பொரிந்து தள்ளினாள். அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "மத்தியானம் ஒருத்தன் வந்தானுங்க. கையில ஃபோனு, கழுத்துல அட்டை. 'இங்க தாமோதரன் மெயின்டனன்ஸ் சர்வீசஸ்ங்கற கம்பெனி நடக்குதுங்களா'ங்கறான். அப்படியொண்ணும் இங்க இல்லப்பான்னேன். 'தாமோதரன்ங்கறவரு யாரு'ன்னான். என்ற வீட்டுக்காரருன்னேன். 'அவரு சொந்தத் தொழில் பண்றாருங்களா'ங்கறான். எனக்கு வந்துது பாருங்க கோவம்!"

"என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? பத்தொம்பது வருசமா கம்பெனியில பர்மனென்ட்டு, இப்பத்தான் பிரமோசன் ஆயிருக்குது, தொழில் கிழில்னு யாருகிட்ட வந்து கேக்கறேன்னு விட்டேன் ஒரு டோஸ். உங்க பேரை வெச்சு எவனோ லோன் வாங்கப் பாக்கறான்னு நெனச்சேன். உள்ள கூட்டிட்டுப் போயி, பத்து வருச சர்வீசுக்குக் கம்பெனியில குடுத்த கேடயத்தையே காட்டீட்டேன். அதையும் போட்டோ எடுத்துட்டுப் போயிருக்கறான்."

அந்த ஆள் எனக்கு முன்கூட்டி அழைக்கவில்லை. அல்லது அழைத்திருப்பான், கம்ப்ரசர் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது. ஃபோனைப் பார்த்தேன். மூன்று தவறிய அழைப்புகள்.

"செரியாச் சொன்னே," என்றேன். வேறென்ன சொல்ல? காபி கொண்டுவந்து கொடுத்தாள். என் மானத்தைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம் அவளுக்கு. குடித்தேன். அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 18, புதன்

எஸ்.எம்.எஸ்: விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தந்த தகவல் நேரடிச் சரிபார்ப்பில் உறுதியாகவில்லை. தொண்ணூறு நாள் கழித்து மீண்டும் முயற்சி செய்யலாம்.

என்னிடம் இருப்பது பன்னிரண்டு நாள்.

ஜூன் 20, வெள்ளி

கூட்டுறவு பேங்க். பழைய கட்டடம், மேலே ஃபேன் கடகடவென்று ஓடுகிறது. பேரிங் போய்விட்டது, ஐந்து நிமிட வேலை, ஆனால் யாரும் கேட்கவில்லையே. மேனேஜர் ஒரு அம்மா, பெயர் சுலோச்சனா. என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"எல்லாம் செரியா இருக்குதுங்க. ஆயிரம் கட்டுங்க. போர்டெல்லாம் வேண்டாம், நானே ஒரு நடை வந்து பாத்துக்கறேன். அறிமுகக் கையெழுத்து மட்டும் வேணும். நம்ம பேங்க்ல கரண்ட் அக்கவுண்ட் வெச்சிருக்கறவங்க யாரையாச்சும் தெரியுங்களா?"

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் கம்பெனிக்காரர்கள். எல்லோருக்கும் சம்பளக் கணக்கு. சொந்தமாகத் தொழில் செய்கிற ஒருவனோடும் நான் ஒட்டிப் பழகவில்லை. பழகத் தோன்றியதில்லை. அவர்கள் ஒரு படி கீழே என்ற நினைப்பு எனக்குள் இருந்திருக்கிறது. இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அது நன்றாகத் தெரிந்தது.

"திருமூர்த்தின்னு ஒருத்தரு. பெயின்டிங் காண்ட்ராக்டர்," என்றேன்.

"அட, திருமூர்த்தியா! பதினோரு வருசத்துல ஒரு செக் திரும்பினதில்லீங்க. அவரைக் கூட்டிட்டு வாங்க, போதும்."

அந்த 'விளையாட்டு வார்த்தை'யைப் பற்றி இங்கே எழுதிவிடுகிறேன். ஐந்து வருடம் முன்பு, மகள் யாழினி பெரியவளானபோது மண்டபம் பிடித்துச் சீர் செய்தோம். தாய்மாமன் என்ற முறையில் திருமூர்த்தி சீர் கொண்டுவந்தான். ஐம்பத்தொரு தட்டு, பட்டு, தங்க வளையல், மேளம். கம்பெனியிலிருந்து வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மத்தியானப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து என் பக்கம் குனிந்து, தொழிலுக்கு ஒரு லோன் போடுவதாகவும் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் கிடைத்துவிடும் என்றும் சொன்னான். நான் முடியாது என்றேன். நிரந்தர வருமானம் இல்லாதவர்களுக்குக் கையெழுத்துப் போடுவது சிரமம் என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். பக்கத்தில் இருந்த உறவுக்காரர்கள் சிரித்தார்கள். சொன்னது அவ்வளவுதான்.

ஜூன் 21, சனி

கம்பெனியில் இரண்டாம் நம்பர் லேத் நின்றது. பெல்ட். நாற்பது நிமிடம்.

சூலூருக்கு ஃபோன் போட எடுத்து எடுத்து வைத்தேன்.

ஜூன் 23, திங்கள்

காலையில் துணிந்து பேசிவிட்டேன். "மாப்ள, அந்தக் கூட்டுறவு பேங்க்ல ஒரு அறிமுகக் கையெழுத்து வேணும்."

"உங்க ஃப்ரெண்டுக்குங்களா மச்சான்?"

கம்ப்ரசரை அணைத்துவிட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. "எனக்குத்தான்," என்றேன்.

"பதினொரு மணிக்கு வந்தர்றனுங்."

சொன்னபடி வந்தான். வேலையில் இருந்தவன் அப்படியே வராமல், குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். படிவத்தை வாங்கினான். 'விண்ணப்பதாரரை எனக்கு எத்தனை ஆண்டுகளாகத் தெரியும்' என்ற இடத்தில் இருபது என்று எழுதினான். 'விண்ணப்பதாரர் நாணயமானவர் என்று உறுதி கூறுகிறேன்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டான். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அவன் கொஞ்சம் தயங்கியிருந்தால், குத்தலாக ஒரு சொல் சொல்லியிருந்தால், எனக்கு இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

வெளியே வந்ததும் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான். "மேடம் உங்க வீட்டுக்கு வந்து பார்ப்பாங்க மச்சான். அதுக்குள்ள அக்காகிட்டச் சொல்லீருங். நா சொல்ல மாட்டனுங். ஆனா அக்கா கேட்டுட்டா என்னால பொய் சொல்ல முடியாதுங்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கு சைட்டுக்கு வந்தீங்களே, அப்பவே தெரியுமுங். ஃப்ரெண்டுக்காக வேகாத வெயில்ல சிங்காநல்லூர் வரைக்கும் வர்ற ஆளுங்களா நீங்க?" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

ஜூன் 24, செவ்வாய்

கலாமணிக்குத் தலைவலி. இந்த நிலையில் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 25, புதன்

யாழினியின் கல்லூரிக்குப் பணம் கட்டும் நாள். சந்தோஷமான நாளில் எதற்கு?

பேங்கிலிருந்து ஃபோன். நாளை காலை பத்து மணிக்கு மேடம் வருகிறார்.

ஜூன் 26, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. "வயிறு செரியில்லை" என்றேன். கலாமணி ஓம வாட்டர் கொடுத்தாள். ஒன்பதுக்குச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்பதரைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். பத்தாவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கேட் சத்தம் கேட்டது.

சுலோச்சனா மேடம் உள்ளே வந்து உட்கார்ந்தார். கலாமணி யார் என்று தெரியாமலே சிரித்து வரவேற்றுத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். மேடம் படிவத்தை மடியில் விரித்துப் பேனாவைத் திறந்தார். தண்ணீர்ச் செம்போடு கலாமணி திரும்பி வந்த அதே நேரம் அவர் அவளிடமே கேட்டார். "உங்க வீட்டுக்காரர் என்ன தொழில் பண்றாருங்க?"

கலாமணி வாயைத் திறந்தாள். போன தடவை போலவே, அதே பெருமையோடு, "கம்பெனியில" என்று ஆரம்பித்துவிட்டாள்.

"இல்லீங்க," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "மார்ச் முப்பத்தொண்ணோட வேலை போயிருச்சுங்க. ஏப்ரல்ல இருந்து காண்ட்ராக்ட்தானுங்க. சொந்தமா, இந்த வீட்டு அட்ரஸ்ல."

பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டியதை ஒரு பேங்க் மேனேஜருக்குச் சொன்னேன். கலாமணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டாள்.

அவள் செம்பைக் கீழே போடவில்லை, சத்தம் போடவில்லை. மேடத்திடம் கொடுத்தாள். மேடம் விஷயம் புரிந்து, வேகமாக எழுதிக்கொண்டு, "அறிமுகக் கையெழுத்து ஏற்கெனவே இருக்குது, நாளைக்கே கணக்கு வந்துரும்," என்று சொல்லிக் கிளம்பினார். கலாமணி கேட் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். விருந்தாளிக்குச் செய்ய வேண்டியதில் அவள் எப்போதும் குறை வைக்க மாட்டாள்.

திரும்பி வந்ததும் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. "அறிமுகக் கையெழுத்துன்னு அந்தம்மா சொன்னாங்களே. யாரு போட்டது?"

"திருமூர்த்தி."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முந்தானையை விலக்கிவிட்டுப் பேசினாள்.

"அன்னைக்கு சீருக்குக் கம்பெனியில இருந்து அறுவது பேர் வர்றாங்க, தட்டு கொறையக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க. நாந்தான் அதை அவங்கிட்டப் போய்ச் சொன்னேன். கையில இருந்த சைட்டுப் பணத்தையெல்லாம் போட்டு ஐம்பத்தொரு தட்டு எடுத்துட்டு வந்தான். பெயின்ட் வாங்கக் காசில்லாமத்தான் லோன் கேட்டான். நீங்க முடியாதுன்னுட்டீங்க. அந்த சைட்டு அவங்கைய விட்டுப் போச்சு. எட்டு மாசம் இன்னொருத்தருகிட்டக் கூலிக்குச் சொவர் அடிச்சானுங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"மச்சானுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாரு, சொல்லாதீங்கக்கான்னு கையைப் புடிச்சுக் கேட்டுக்கிட்டான். நானும் விட்டுட்டேன். கம்பெனிக்காரரு பொண்டாட்டின்னு எனக்கும்தானே பெருமை இருந்துச்சு." அழ ஆரம்பித்தாள். "எனக்கு நீங்க வேலை போனதைச் சொல்லாததுகூடப் பெருசாத் தெரியலீங்க. கூடப் பொறந்தவன் கூலிக்குப் போனப்ப நான் உங்களுக்கு வக்காலத்து வாங்கீட்டு இருந்தேனே."

நான் அவள் அருகே தரையில் உட்கார்ந்தேன். மத்தியானம் சமைக்கவில்லை. யாழினி வந்து பார்த்துவிட்டு அவளே தோசை ஊற்றினாள்.

ஜூன் 27, வெள்ளி

கணக்கு எண் வந்தது. செக் புத்தகமும் கையோடு கொடுத்தார்கள். ஒரு செக்கில் குறுக்கே இரண்டு கோடு போட்டு வித்யாசாகரிடம் கொடுத்தேன். "மூணு நாள் முன்னாடியே குடுத்துட்டீங்களே, சூப்பர் சார்," என்றார். அடுத்த வாரம் இரண்டு மாத பில்லும் வந்துவிடுமாம்.

சந்தோஷப்பட வேண்டிய நாள்தான். படவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் நானும் கலாமணியும் சூலூர் போனோம். ஐந்து வருடம் கழித்து அந்த வீட்டுப் படி ஏறுகிறேன். திருமூர்த்தி பின்பக்கம் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கப் போனவனை இருக்கச் சொல்லிவிட்டுத் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தேன். கலாமணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவன் மனைவியும் எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அன்னைக்குச் சீர் மண்டபத்துல நான் பேசினது தப்பு, மாப்ள."

அவன் பிரஷைத் தட்டினான். பரவாயில்லை, அதெல்லாம் மறந்துவிட்டேன் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

"மறந்துட்டேன்னு சொன்னாப் பொய்யுங்க மச்சான்," என்றான். குரலில் கோபம் இல்லை. "என்ன சொன்னீங்கன்னு உங்களுக்கு நெனப்பு இருக்குதுங்களா?"

இந்த டைரியில் இரண்டு தடவை அதைப் பூசி மெழுகி எழுதியிருக்கிறேன். முதலில் விளையாட்டு என்றேன், பிறகு 'என்கிற மாதிரி ஏதோ' என்றேன். அங்கே இரண்டு பெண்களும் கேட்டுக்கொண்டு நிற்க, அப்படிச் சொல்ல முடியவில்லை.

"இருக்குது," என்றேன். சொன்னேன். "'மாசமானாச் சம்பளம் வாங்கறவன் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்குது மாப்ள. அதை ஒரு அன்னாடங்காய்ச்சிக்குப் போட்டுக் குடுத்துட்டு நான் எங்க போய் நிக்கறது? நாளைக்கு நீ பெயின்ட் டப்பாவைத் தூக்கிட்டு ஓடிட்டீன்னா, உன்ற அக்காளையா வித்துக் கட்டச் சொல்றே?' பக்கத்துல இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. நீ எலையை மூடிட்டு எந்திரிச்சே. அப்போ பாயசங்கூட இன்னும் வைக்கலை."

வாசற்படியில் கலாமணி விசும்புவது கேட்டது. நான் தலை நிமிரவில்லை. திருமூர்த்தி பிரஷைக் கீழே வைத்தான்.

"ஒரு வார்த்தைகூட விடலீங்களே," என்றான் மெதுவாக. "அஞ்சு வருசமா எனக்கு மட்டுந்தான் அது நெனப்பு இருக்குதுன்னு இருந்தனுங் மச்சான்."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தக் கல்லிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தான்.